தலையெழுத்தும் சாப்பாட்டுத் தட்டும்

(ஒரு வாலிபர் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று இங்கு "நம் ஜனங்களின் வியாதியும் அவர்களுக்கு ஏற்ற சுகாதாரப் போதனையும்" என்னும் விஷயமாய் நாம் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக் கொண்டார்கள். நாம் வைத்தியம் படித்தவரல்ல. பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவருமல்ல. படித்தவர்கள் எழுதி வைத்திருப்பதைத் தேடிப் பிடித்து, நாலு பேரிடம் கேட்டு, நம் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் உங்கள் முன் வைக்கிறோம். உங்கள் உடம்புக்கு என்ன மருந்து என்று நம்மைக் கேட்காதீர்கள். அதற்கு வைத்தியரிடம் போங்கள்.

மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் சர்க்கரை வியாதியைப் பற்றியும் மாரடைப்பைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக் கூடும். வியாதி வந்தவுடன் நம் மக்கள் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை என்ன என்பதை யோசித்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். "என் தலையெழுத்து" என்கிறான். "பூர்வ ஜன்ம வினை" என்கிறான். கொஞ்சம் படித்தவனாய் இருந்தால், "எங்கள் குடும்பத்திலேயே இது உண்டு, நான் என்ன செய்ய?" என்கிறான். வார்த்தைதான் வேறே தவிர மூன்று பேரும் சொல்லுவது ஒன்றுதான். அதாவது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பதே. இந்த எண்ணம் இருக்கும் வரையில் எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். ஆதலால்தான் இந்த மேடையில் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வியாதியின் அளவைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வியாதிக்கு முந்தின படியில், அதாவது வாசற்படியில் நிற்கிறவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். மாரடைப்பின் கதையும் இப்படியே. 52 தேசங்களில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு வருகிற நடு வயது தெற்காசியாவில் 53 என்றும், மற்றத் தேசங்களில் சுமார் 59 என்றும் கண்டார்கள். ஆறு வருஷம் முந்திக் கொள்ளுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமலும், பையன் படிப்பு முடியாமலும் இருக்கிற வயதில் வீட்டைத் தாங்குகிறவன் விழுந்து விடுகிறான் என்பதே இதற்கு அர்த்தம்.

தேசத்தை விட்டுப் போனால் தப்பித்துக் கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. லண்டன், சிக்காகோ, டொரன்டோ போன்ற பட்டணங்களில் குடியேறியிருக்கிற பஞ்சாபியர், குஜராத்தியர், வங்காளியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் எல்லோரையும் இது துரத்துகிறது. இங்கிலாந்தில் தெற்காசியர்களுக்குச் சர்க்கரை வியாதி வருவது வெள்ளையர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதுவும் பத்து வருஷத்துக்கு முன்னதாகவே வருகிறது. அவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, சீக்கியர் உண்டு, கிறிஸ்தவர் உண்டு. எந்தக் கடவுளும் தன் பக்தனுக்கு என்று விலக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் காரணம் என்ன? காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை எல்லோருக்கும் விளங்கும்படி இரண்டு வைத்தியர்கள் காட்டினார்கள். ஒருவர் புனாவைச் சேர்ந்த யாஜ்னிக் என்பவர். மற்றொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்பவர். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கைப் போட்டால் இருவருக்கும் 22.3 என்ற ஒரே எண்தான் வந்தது. அந்தக் கணக்கின்படி இருவருமே ஒல்லியான, ஒழுங்கான மனிதர்கள். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளையருக்கு நூற்றுக்கு 9 பங்கும், நம்மவருக்கு நூற்றுக்கு 21 பங்கும் இருந்தது. இருவரும் தங்கள் படத்தோடு 2004-இல் இதை ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நம்மவர்களுக்குக் கையும் காலும் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து விடுகிறது. அந்தக் கொழுப்புத்தான் ரத்தத்தில் சர்க்கரையை அடக்குகிற இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. "நான் ஒல்லிதானே, எனக்கு என்ன?" என்று நம்மவர் நினைப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது பாருங்கள்.

இதை உத்தேசித்துத்தான் உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் கூட்டிய நிபுணர்கள் 2004-இல், ஆசியாக்காரர்கள் 25 என்ற எண் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம், 23 ஆனதுமே ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இது சுமார் 63 கிலோ. இடுப்பளவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. ஐரோப்பியனுக்குத் தைத்த சட்டையை நமக்கு மாட்டி, "சரியாய்த்தான் இருக்கிறது" என்று இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் இதன் சங்கதி.

நிற்க. இனித் தலையெழுத்துக்காரர்களுக்குப் பதில் சொல்லுவோம்.

சென்னையில் ராமச்சந்திரன் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு பரீட்சை நடத்தி 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக் கொண்டு, சிலருக்கு வழக்கமான புத்திமதியோடு விட்டார்கள். சிலருக்கு ஆகாரத்தையும் நடையையும் பற்றி ஆளுக்குத் தக்கபடி சொல்லிக் கொடுத்து, அடிக்கடி விசாரித்துக் கொண்டும் வந்தார்கள். மூன்று வருஷம் பார்த்தார்கள். விட்டுவிட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. சொல்லிக் கொடுத்து விசாரித்து வந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள். தோழர்களே! அந்தப் பதினாறு பேருடைய தலையில் பிரம்மா எழுதியிருந்ததை அழித்தது யார்? ஹோமமா? பரிகாரமா? சோற்றைக் குறைத்ததும் காலை வீசி நடந்ததும் அல்லவா? தட்டில் உள்ளதை மாற்றினால் அழிகிற எழுத்து என்ன எழுத்து?

"மீதி 39 பேருக்கு வந்துவிட்டதே" என்று கேட்கலாம். உண்மைதான். எல்லோரையும் காப்பாற்றுகிற மந்திரம் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லுகிறவன் ஜோசியனே தவிர வைத்தியன் அல்ல. நூறில் பதினாறைக் காப்பாற்றினோம் என்று எண்ணிச் சொல்லுகிறதுதான் அறிவின் யோக்கியதை.

அந்தப் பரீட்சையில் நாம் கவனிக்க வேண்டிய சிறு விஷயம் ஒன்று உண்டு. தேகாப்பியாசம் செய்யுங்கள் என்று எல்லோரையும் ஒரே மாதிரியாய் விரட்டவில்லை. ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்கிறவர்களையும், தினம் அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிள் மிதித்தோ வேலைக்குப் போகிறவர்களையும், "நீங்கள் செய்வதையே செய்து வாருங்கள்" என்று விட்டுவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவனிடம் போய்க் கடற்கரையில் உலாவு என்று சொல்லுவது எவ்வளவு பரிகாசமானது! ஆளைப் பார்த்துச் சொல்லுவது என்றால் இதுதான்.

ஆளைப் பார்க்காமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லுவோம். கிழக்கு லண்டனில் குடியிருக்கும் வங்காள தேசத்தவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசி, சர்க்கரை வியாதியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உள்ளவர்கள், "எண்ணெயில் பொரிக்காதீர்கள், அடுப்பில் வாட்டிச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி வந்தார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் அந்த ஜனங்களுடைய எண்ணத்தில் வாட்டின பண்டம் ஜீரணமாகாதது. கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது ஆகாது. ஆகவே புத்திமதி சொன்னவர் நல்லது சொன்னதாக நினைத்துக் கொண்டார். கேட்டவர் கெடுதல் சொன்னதாக நினைத்துக் கொண்டார். இருவரும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் பிரிந்தார்கள். வியாதி மாத்திரம் பிரியவில்லை. இன்னொன்றும் கண்டார்கள். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று ஒப்புக்கொண்ட அதே ஜனங்கள், கறுத்த வெல்லப்பாகு சர்க்கரை வியாதிக்காரனுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்பிக் கொண்டிருந்தார்கள்.

கிழக்கு லண்டனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நம் தெருவில், "சீனிதான் கூடாது, கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம், நாட்டுச் சர்க்கரை நல்லது, தேன் மருந்து" என்று சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்? கருப்பட்டியானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் தேனானாலும் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சர்க்கரையாகவே ஏறும். நிறம் கறுப்பு என்பதாலும், பாட்டன் தின்றான் என்பதாலும் அது தன் குணத்தை மாற்றிக் கொள்ளாது. பாட்டன் பனையேறிவிட்டு அதைத் தின்றான். பேரன் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு தின்கிறான்.

ஆகவே அவரவர் வாழ்க்கைக்குத் தக்கபடி சுகாதாரத்தைச் சொல்லிப் பழக்குவது என்பது இப்பொழுது பல தேசங்களில் ஒரு தனி முறையாக ஏற்பட்டிருக்கிறது. வைத்தியர் பத்து நிமிஷம் பார்த்து அனுப்பி விடுவதோடு நில்லாமல், ஒருவர் மாதக்கணக்காய்க் கூடவே இருந்து, இந்த வாரம் என்ன செய்தாய், ஏன் முடியவில்லை, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று கேட்டுப் பழக்குவது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ பட்டணங்களில் இந்தியர், பாகிஸ்தானியர் 171 பேரை வைத்து இதைப் பரீட்சை செய்து 2014-இல் முடிவைச் சொன்னார்கள். ஆகார நிபுணர்கள் வீட்டுக்கே போனார்கள். ஒரு பகுதியாருக்கு மூன்று வருஷத்தில் 15 தடவையும், மற்றப் பகுதியாருக்கு 4 தடவையும் போனார்கள். ஆளைத் தனியே பிரிக்காமல் குடும்பத்தாரையும் சேர்த்துக் கொண்டார்கள். பதினைந்து தடவை போன வீடுகளில் சராசரி ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாய் எடை குறைந்தது. நாலு தடவை போன வீடுகளில் அரைக் கிலோ ஏறியது. வித்தியாசம் சுமார் 1.6 கிலோ. பெரிய அதிசயம் என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போவதுதான் வழக்கமாயிருக்கும் இடத்தில் முள் கீழே திரும்பிற்று.

வீட்டுக்கே போக வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் குடும்பங்களில் வியாதி ஒருவருக்கு, சமைக்கிறவர் வேறொருவர், சாமான் வாங்குகிறவர் மற்றொருவர், பலகாரம் செய்து கொடுத்தனுப்புகிற அத்தையும் சித்தியும் வேறு. வைத்தியர் புருஷனிடம் உப்பைக் குறை என்கிறார். அந்தப் புருஷனுக்கு உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. யார் கையில் கரண்டி இருக்கிறதோ அவரிடம் பேசாமல் சாப்பாட்டை மாற்ற முடியுமா?

இனி, தக்கபடி சொல்லுவது என்றால் என்ன என்பதை நம் வீட்டு வார்த்தையிலேயே சொல்லிப் பார்ப்போம். நம் தேசத்தார் ஆகாரத்தில் உடம்புக்குக் கிடைக்கிற சக்தியில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் அரிசி, கோதுமை, சர்க்கரை இவைகளிலிருந்தே வருகிறது. பருப்பும் முட்டையும் மீனும் காயும் ஓரத்தில் கிடக்கின்றன. "சோற்றை விட்டுவிடு, ஓட்ஸ் கஞ்சி குடி" என்று அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்தால் நம்மவன் மூன்று நாள் குடிப்பான். நாலாம் நாள் காகிதத்தில் பக்கோடாவை வைத்துத் தின்பான். அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? சோறு சாப்பிடு, ஆனால் தட்டில் குவிக்காதே, கிண்ணத்தில் அளந்து போடு. தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் விடு. கால் இடம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவைகளுக்கு. மீதிக் கால் இடம்தான் சோற்றுக்கு. இட்லி நாலு என்றால் இரண்டாக்கி, சாம்பாரில் காயையும் பருப்பையும் கூட்டு. உருளைக்கிழங்குப் பொரியல் காய்க் கணக்கில் சேராது. நாளைக்கு ஐந்து வேளை டீ குடிக்கிறவன் வேளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் பத்துக் கரண்டி தின்கிறான் என்று கணக்குப் போட்டுக் காட்டு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்புத்தான் என்று சொல்லு. எண்ணெய்க்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தியர்கள் பொதுவாய்ச் சொல்லுகிறார்கள்; அப்படியானால் நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டர் டின் மாதக் கடைசி வரையில் வர வேண்டும். இருபதாந் தேதியே தீர்ந்தால் தப்பு எங்கே என்று தானே தெரிந்து விடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேட்கிறவன் வீட்டுச் சமையலைத் தெரிந்துகொண்டு சொல்லுகிற மரியாதைதான் வேண்டும்.

ஆனால் தோழர்களே! இங்கேதான் பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். "ஜனங்களுடைய பழக்கத்துக்கும் பண்பாட்டுக்கும் ஏற்றபடி சொல்ல வேண்டும்" என்கிறார்களே, எந்தப் பழக்கத்துக்கு? எல்லாவற்றுக்கும் ஏற்றபடியா? பழக்கம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பாஷை ஒரு பழக்கம், இட்லி ஒரு பழக்கம், மருமகளைக் கடைசியில் சாப்பிட வைப்பதும் ஒரு பழக்கந்தான். முதல் இரண்டையும் மதிக்க வேண்டும். மூன்றாவதற்கு ஏற்றபடி நடப்பதா, அதை ஒழிப்பதா?

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு ராத்திரி பத்து மணிக்கு மிஞ்சின சோற்றையும் அடியில் கிடக்கிற குழம்பையும் வழித்துச் சாப்பிடுகிற பெண்ணிடம் போய், "அம்மா, எட்டு மணிக்கு முன் சாப்பிடுங்கள், காயை அதிகமாய்ச் சேருங்கள்" என்றால் அவள் என்ன செய்வாள்? காய் புருஷனுக்கும் பிள்ளைக்கும் போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது சோறு. அவளுக்குக் குடும்பத்தின் பெயரால் வியாதியைப் பரிமாறுகிறோம். அப்படியே, பெண் தனியே தெருவில் நடந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்கிற வீட்டில், தினம் அரைமணி நட என்கிற போதனை எங்கே நடக்கும்? "உங்கள் பழக்கத்தை மதிக்கிறோம், வீட்டுக்குள்ளேயே நடந்து கொள்ளுங்கள்" என்று சொல்லுவது ஒரு வழி. அவசரத்துக்கு அது உதவலாம். அதோடு நின்றுவிட்டால் சிறைக்குள் உலாவச் சொன்னதாகவே முடியும். நான்கு பெண்கள் கூட்டாய்த் தெருவில் இறங்கி நடக்கும்படி செய்வதும், பேசுகிற நாலு பேர் வாயை அடக்குவதும் சுகாதார வேலையைச் சேர்ந்ததுதான்.

நோன்பு விஷயத்தையும் பாருங்கள். சர்க்கரை வியாதியுள்ள முஸ்லிம் தோழர்கள் ரம்ஜானில் பகலெல்லாம் பட்டினி இருக்கையில் விரலைக் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து, மயங்கி விழுகிற வரையில் சோதிக்காமல் இருந்து விடுகிறார்கள். சோதிப்பதால் நோன்பு முறியாது என்று வைத்தியர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்தே சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாம் நோன்பை ஆதரிக்கிறவர் அல்ல. ஆயினும் ஒருவன் உயிரோடு இருந்தால்தானே அவனோடு நாளைக்கு வாதம் செய்ய முடியும்? ஆகையால் இந்தச் செய்தியை அவன் நம்புகிறவர் வாயாலேயே அவனுக்குச் சொல்லுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். நம் பக்கத்து விரதக்காரர்களும் இதைக் கேட்க வேண்டியதுதான். ஒரு பொழுது பட்டினி கிடந்துவிட்டு, சாயங்காலம் சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் பிரசாதம் என்று தின்கிறார்கள். பிரசாதத்துக்குச் சர்க்கரை ஏறாது என்று நினைப்பு! குருக்கள் மந்திரம் சொன்னதனால் வெல்லம் வேப்பிலையாகி விடுமா? வேண்டுதலின் பேரில் மாத்திரையை நிறுத்தினவர்களின் கதையோ காலை எடுப்பதிலும் கண்ணை இழப்பதிலும் போய் முடிகிறது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பாஷையிலும் சமையலிலும் வேலை நேரத்திலும் ஜனங்களுக்கு ஏற்றபடி போக வேண்டும். அறியாமையிலும் அடிமைத்தனத்திலும் ஏற்றபடி போகக் கூடாது. அங்கே எதிர்த்துப் பேச வேண்டும். அவமானப்படுத்தாமல் பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்பாட்டுக்கு ஏற்றது என்று பெயர் வைத்தால் மாத்திரம் காரியம் நடந்துவிடாது. சிக்காகோ பட்டணத்துப் பக்கத்தில் தெற்காசியர் 549 பேரை வைத்து, அவர்கள் பாஷையிலும் அவர்கள் ஆகாரத்தை ஒட்டியும் கூட்டம் கூட்டமாய்ப் பயிற்சி கொடுத்து, மற்றொரு பகுதியாருக்கு அச்சடித்த பிரசுரங்களை மாத்திரம் அனுப்பி, ஒரு வருஷம் பொறுத்து இருவரையும் அளந்து பார்த்தார்கள். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரையிலும் இரண்டு பகுதியாருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணவில்லை. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் அதை மூடி வைக்காமல் உலகறிய வெளியிட்டார்கள் என்பதே அவர்களுடைய பெருமை. எந்தப் புரோகிதனாவது, "நூறு பேருக்கு ஹோமம் செய்தேன், ஹோமம் செய்யாத நூறு பேரைவிட இவர்களுக்கு ஒன்றும் அதிகமாய்க் கிடைக்கவில்லை" என்று எழுதி வெளியிட்டதுண்டா? நம் பக்கத்து முறையானாலும், நாம் விரும்புகிற முறையானாலும் அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் பலித்தது, ஸ்காட்லாந்தில் கொஞ்சம் பலித்தது, சிக்காகோவில் பலிக்கவில்லை. ஏன் என்று கேட்டு, அடுத்த முறையைத் திருத்துவதுதான் அறிவின் வழி.

இதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. "நம் பாரம்பரியம்" என்று டப்பாவின் மேல் எழுதினால் எதையும் விற்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி என்கிறார்கள். தொண்ணூறு நாளில் மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்கிறார்கள். கேழ்வரகும் கம்பும் நல்லவைதான், ஆனால் அளவில்லாமல் தின்றால் அவைகளும் சர்க்கரையை ஏற்றுபவைதான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தீர், எத்தனை பேருக்குக் குணமாயிற்று, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீரா என்று அவர்களைக் கேளுங்கள். பதில் வராது. பாரம்பரியத்தை நிந்திக்கிறாய் என்றுதான் வரும்.

கடைசியாய், ஏழைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சாய்ப் போய்விடும். ஏழை சோற்றை அதிகமாய்ச் சாப்பிடுவது ஆசையினால் அல்ல. ரேஷனில் கிடைப்பது அரிசி, வயிற்றை நிரப்புவதும் அரிசி. பருப்பின் விலையும் காயின் விலையும் முட்டையின் விலையும் அவனுக்கு எட்டவில்லை. லண்டனில் ராத்திரி முழுவதும் டாக்சி ஓட்டுகிறவனுக்கும், டொரன்டோவில் இரண்டு இடத்தில் வேலை செய்கிறவனுக்கும் சமைக்க நேரமுமில்லை, நடக்க நேரமுமில்லை. இவர்களைப் பார்த்து, "நீதான் உன் வியாதிக்குக் காரணம்" என்று சொல்லுவது பூர்வ ஜன்ம வினை என்று சொல்லுவதற்கு எந்த விதத்தில் உயர்ந்தது? அங்கே ஜன்மத்தின் மேல் பழி, இங்கே மனிதன் மேல் பழி. கூலியின் மேலும் விலையின் மேலும் பழி விழவே இல்லை. ஆதலால் புத்திமதி கொடுக்கிறவர்கள் கூடவே நியாயமான கூலியையும், ரேஷனில் பருப்பையும், தெருவில் நடைபாதையையும் கேட்க வேண்டும்.

அரசாங்கத்தாரால் ஒன்றும் முடியாது என்பதும் சரியல்ல. தமிழ்நாட்டில் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கி, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வாசற்படி வரையில் ஒரு பெண் ஊழியர் வந்துவிட்டார் என்றால் பாதி வழி கடந்தாயிற்று. அவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஓடாமல், அடுப்பங்கரையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசவும், மறுமாதம் வந்து விசாரிக்கவும் அவருக்கு நேரமும் பயிற்சியும் தகுந்த சம்பளமும் கொடுத்தால் மீதி வழியையும் கடக்கலாம்.

ஆகவே தோழர்களே! வீட்டுக்குப் போனதும் ஒரு நூலை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். முப்பது வயது ஆனவர்கள் எல்லோரும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதித்துக் கொள்ளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். கொடுத்த மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வேகமாய் நடவுங்கள். புருஷர்கள் கரண்டியைக் கையில் எடுக்கக் கற்றுக் கொள்ளுங்கள். இன்று ராத்திரியே, வீட்டிலுள்ள பெண்ணையும் ஆணையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து, இருக்கிற காயை எல்லோருக்கும் சமமாய்ப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.

நாம் சொன்னவைகளில் எதையும் மேடையில் சொன்னது என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் செய்து பாருங்கள். நூலையும் ரத்தச் சோதனையையும் சாட்சிக்கு வைத்துக் கொள்ளுங்கள். அவை சொல்லுகிற சாட்சியை ஒப்புக் கொள்ளுங்கள்.